சுவரைத் தின்ற பசை

இரவு பதினொன்றரைக்கு அக்கா மகள் அழைத்தாள். சென்னையில் கட்டடக்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். மறுநாள் காலை சப்மிஷன். முற்றம் வைத்த வீடு ஒன்றை ஐம்பதில் ஒரு பங்கு அளவில் ஃபோம் போர்டில் செய்துகொண்டிருந்தாள்.

“மாமா, சுவர் உருகிப்போச்சு.”

“உருகுச்சா, கரைஞ்சுதா?”

“இந்த நேரத்துல இது ரொம்ப முக்கியமா மாமா?”

முக்கியம்தான், ஆனால் அந்த நேரத்தில் அதைக் கேட்டிருக்கக் கூடாது. படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். பார்க்கப் பரிதாபமாக இருந்தது. சுவரின் வெளித்தாளும் உள்தாளும் அப்படியே நின்றன. நடுவே இருந்த வெள்ளைச் சதையை மட்டும் அடியிலிருந்து யாரோ நக்கி எடுத்ததுபோல் இருந்தது. பசை தடவிய விளிம்பில் பழுப்பாக ஒரு பிசுபிசுப்பு. பசை எங்கே வாங்கினாய் என்று கேட்டேன். பக்கத்துக் கடையில், மஞ்சள் நிறத்தில், வாடையடிக்கும் ரப்பர் பசை. “இதைவிட ஸ்ட்ராங்கா வேற எதுவும் கிடையாதுன்னு சொல்லித்தான் கொடுத்தாங்க.”

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. செருப்பின் அடித்தோலை ஒட்ட, பலகையில் சன்மைக்கா ஒட்ட, அந்தப் பசைக்கு நிகர் கிடையாது. அவள் கேட்ட கேள்விதான் தப்பு. ‘எது ஸ்ட்ராங்’ என்று கேட்டாள். ‘அதில் என்ன கலந்திருக்கிறது, அது காயும்போது எது வெளியே போகிறது’ என்று கேட்டிருக்க வேண்டும். ஃபோம் போர்டுக்குப் பசை தேடுகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இவ்வளவுதான். பசையில் கடைசிவரை தங்கியிருப்பதைவிட, வந்துவிட்டுப் போவதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஃபோம் போர்டு என்பதே ஒரு சாண்ட்விச். இரண்டு பக்கமும் தடித்த தாள். நடுவே பாலிஸ்டைரீன் நுரை. 1957-இல் அமெரிக்காவின் மான்சாண்டோ நிறுவனம் ஃபோம்-கோர் என்ற பெயரில் கொண்டுவந்த பொருள் இது. நடுவில் இருப்பது நம் தெர்மாகோலுக்கு உடன்பிறப்பு. தெர்மாகோல் மணிமணியாக உதிரும். இது ஒரே சீரான நுரையாக இருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். 3, 5, 10 மில்லிமீட்டர் தடிமன்களில் கிடைக்கிறது. கட்டடக்கலை மாணவர்களுக்கு 5 மில்லிமீட்டர் மேல் ஒரு தனிப் பிரியம் உண்டு. ஐம்பதில் ஒரு பங்கு அளவில் அது 25 சென்டிமீட்டர் சுவராகிறது. நம் ஊர் ஒன்பதங்குலச் சுவருக்கு ஏறக்குறைய சமம்.

இந்த அட்டையின் விறைப்பு நுரையிலிருந்து வருவதில்லை. நுரையைத் தனியே எடுத்து வளைத்தால் ஒடிந்துவிடும். தாளைத் தனியே எடுத்தால் துவண்டுவிடும். மூன்றையும் சேர்த்து ஒட்டி வளைக்கப் பார்த்தால் வெளிப்பக்கத் தாள் நீள வேண்டியிருக்கிறது, உள்பக்கத் தாள் சுருங்க வேண்டியிருக்கிறது. இரண்டும் மறுக்கின்றன. அந்த இரு தாள்களையும் விலக்கிப் பிடித்துக்கொள்வதுதான் நுரையின் வேலை. விலக்கம் கூடக்கூட விறைப்பு மிக வேகமாக ஏறும்.

இதே தந்திரத்தில் ஒரு போர் விமானமே பறந்தது. 1940 நவம்பரில் முதன்முதலாக வானேறிய பிரிட்டனின் டி ஹாவிலண்ட் மாஸ்கிட்டோ. அதன் உடற்பகுதி இரண்டு பிர்ச் ஒட்டுப்பலகைகளுக்கு நடுவே பால்சா என்ற மிக லேசான மரத்தை வைத்து ஒட்டியது. முதலில் பாலிலிருந்து எடுத்த கேசின் பசையால் ஒட்டினார்கள். பிறகு யூரியா ஃபார்மால்டிஹைடு பசைக்கு மாறினார்கள். 1944-இல் இந்தியாவில் இயங்கிய சில மாஸ்கிட்டோக்களின் ஒட்டுகள் விட்டுப்போய் விபத்துகள் நேர்ந்தன. ஆராய வந்த நிறுவனக் குழு பருவமழையில் மரம் சுருங்கியதே காரணம் என்றது. பின்னால் நடந்த இன்னொரு விசாரணை தயாரிப்புக் குறைபாட்டைச் சுட்டியது. ஒட்ட வேண்டிய பரப்புகள் ஒன்றையொன்று சரியாகத் தொடாமல் இருந்தால், நடுவே எந்தப் பசை இருந்தும் பயனில்லை. ஃபோம் போர்டு வெட்டும்போது பிளேடு மழுங்கி விளிம்பு பிய்ந்துபோகிற ஒவ்வொரு முறையும் எனக்கு இது நினைவுக்கு வரும்.

இப்போது அந்த வெள்ளைச் சதைக்கு வருவோம்.

1839-இல் பெர்லினில் எடுவர்ட் சைமன் என்ற மருந்தாளர், துருக்கிப் பக்கத்து மரம் ஒன்றின் ஸ்டோராக்ஸ் பிசினைக் காய்ச்சி வடித்து ஓர் எண்ணெய் எடுத்தார். வைத்திருக்க வைத்திருக்க அது தானாகவே இறுகிக் கூழாகிவிட்டது. அந்த எண்ணெய்தான் ஸ்டைரீன், இறுகியது பாலிஸ்டைரீன். ஸ்டோராக்ஸ் என்ற பெயரோடு உறவுள்ளது ஸ்டைராக்ஸ் என்ற மரப் பேரினம். நம் வீட்டில் வெள்ளிக்கிழமை தோறும் புகையும் சாம்பிராணி அந்தப் பேரினத்து மரங்களின் பிசின்தான். ஆக, தெர்மாகோலும் சாம்பிராணியும் பெயரளவில் தூரத்துச் சொந்தம். சைமனுக்குத் தன் கையில் இருப்பது என்னவென்று தெரியவில்லை. ஆயிரக்கணக்கான ஸ்டைரீன் மூலக்கூறுகள் கைகோத்து நீண்ட சங்கிலியாகின்றன என்பதை ஹெர்மன் ஸ்டவுடிங்கர் 1920-களில் வாதாடி நிலைநாட்டினார். 1953-இல் அதற்காகவே நோபல் பரிசும் பெற்றார்.

அந்தச் சங்கிலியில் ஒன்றுவிட்டு ஒரு கார்பனில் ஒரு பென்சீன் வளையம் தொங்கும். தோரணத்தில் மாவிலை தொங்குவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் பசையைக் கரைத்து வைத்திருக்கும் டொலுயீன் என்ன? ஒரு பென்சீன் வளையம், அதில் ஒட்டிய ஒரு சின்ன வால். அதாவது, தோரணத்திலிருந்து உதிர்ந்த மாவிலை. அது சங்கிலிகளுக்கு நடுவே நுழையும்போது அங்கே யாரும் அதை அந்நியமாகப் பார்ப்பதில்லை. ‘நம்ம ஆள்தான்’ என்று இடம் விடுகிறார்கள். இடம் விட்டதும் சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. திடமாக இருந்தது கூழாகிவிடுகிறது. சூடு எதுவும் இதில் இல்லை. அதனால்தான் உருகியதா, கரைந்ததா என்று கேட்டேன். உருகியிருந்தால் பசையை ஆறவைத்துத் தடவலாம். கரைந்திருந்தால் பசையையே மாற்ற வேண்டும்.

யாரை யார் உள்ளே விடுவார்கள் என்பதை எண்ணாகவே சொல்லிவிட முடியும் என்று காட்டியவர் கலிஃபோர்னியாவின் ஜோயல் ஹில்டெப்ராண்ட். நூற்றொரு வயது வரை வாழ்ந்த வேதியியலர். ஒரு பொருளின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று எவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்பதை ஓர் எண்ணாக்கினார். இரண்டு பொருள்களின் எண்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் பெரும்பாலும் ஒன்று மற்றொன்றில் கரையும். பாலிஸ்டைரீனுக்கு அந்த எண் சுமார் 18.5. டொலுயீனுக்கு 18.2. பல பசைகளிலும் பெயின்ட்டுகளிலும் இருக்கும் எத்தில் அசிட்டேட்டும் அதே 18-ஐ ஒட்டித்தான். நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோன் 20. இது பாலிஸ்டைரீனை முழுதாகக் கரைக்காவிட்டாலும் ஊறவைத்துக் குழைத்துவிடும். நுரை நிற்காமல் சரிய அதுவே போதும். ஹெக்ஸேன் 15, எத்தனால் 26 என்று விலகி நிற்கின்றன. தண்ணீர் ஏறக்குறைய 48. ஊரை விட்டே தள்ளிக் குடியிருக்கிறது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு கமலா ஆரஞ்சுத் தோலைத் தெர்மாகோல் மீது மடித்துப் பிழியுங்கள். எண்ணெய்த் துளிகள் தெறித்த இடமெல்லாம் அம்மைத் தழும்புபோல் குழியாகும். தோலில் இருக்கும் லிமோனீன் என்ற எண்ணெய்தான் அப்படிச் செய்கிறது. இயற்கைப் பொருள், நல்ல வாசனை. ஆனால் ஃபோம் போர்டுக்கு டொலுயீனின் தம்பி.

ஒரு சொட்டுப் பசை இவ்வளவு பெரிய குழியை எப்படித் தோண்டுகிறது என்று கேட்கலாம். தோண்ட அங்கே ஒன்றும் இல்லை என்பதுதான் பதில். கனமீட்டருக்கு 20 கிலோ எடையுள்ள சாதாரணத் தெர்மாகோலை எடுத்துக்கொண்டால், அதில் பிளாஸ்டிக் நூற்றில் இரண்டு பங்கு. மீதி 98 பங்கு காற்று. மெல்லிய சவ்வுகளால் ஆன அறைகள் அவை. சவ்வு கொஞ்சம் இளகினால் போதும், அறை இடிந்துவிடும். அதன்மேல் நின்ற அடுத்த அறையும் இடியும். ஒரு கைப்பிடி நுரை கடைசியில் ஒரு கடுகளவு பசையாகச் சுருண்டுவிடுகிறது.

இதே கரைதலை நம்பித்தான் இன்னொரு மாடல் உலகம் பிழைக்கிறது. பிளாஸ்டிக் விமான, கப்பல் கிட்டுகளை ஒட்டுகிறவர்கள் வேண்டுமென்றே பாலிஸ்டைரீனைக் கரைக்கும் திரவத்தைத்தான் வாங்குகிறார்கள். அந்தக் கிட்டுகள் நுரை இல்லை, கட்டிப் பாலிஸ்டைரீன். இரண்டு விளிம்புகளும் மேலாகக் கரைந்து, ஒன்றின் சங்கிலி மற்றதில் பின்னி, திரவம் ஆவியானதும் ஒரே துண்டாகிவிடுகின்றன. பிளம்பர் பிவிசி பைப்பில் தடவும் சால்வென்ட் சிமென்ட்டும் இதே கதைதான். சுவரைத் தின்னும் பொருள் அங்கே சுவரை இணைக்கும் பொருள்.

ஒரு பசையிடம் நாம் இரண்டு முரண்பட்ட வேலைகளை எதிர்பார்க்கிறோம். முதலில் அது திரவமாக இருக்க வேண்டும். கண்ணுக்கு வழவழவென்று தெரியும் இரண்டு பரப்புகளும் உண்மையில் மேடுபள்ளங்கள். வைத்து அமுக்கினால் சில மேடுகள் மட்டுமே தொட்டுக்கொள்ளும். பள்ளங்களை நிரப்பத் திரவத்தால்தான் முடியும். நிரப்பியதும் அதே திரவம் திடமாகிவிட வேண்டும். அப்படித் திடமாக, எதையாவது அது வெளியே அனுப்பியாக வேண்டும். அல்லது தனக்குள்ளேயே வேதிவினை புரிய வேண்டும். வெள்ளைப் பசை தண்ணீரை அனுப்புகிறது. ரப்பர் பசை டொலுயீன் போன்றவற்றை அனுப்புகிறது. குளூ கன்னில் வருவது சூட்டை மட்டும் அனுப்புகிறது. சூப்பர் குளூவும் இரட்டைக் குழாய் எபாக்ஸியும் எதையும் அனுப்பாமல் வினைபுரிந்து இறுகுகின்றன. போகிற பொருள் நுரையை என்ன செய்யும் என்று பார்த்தாலே பாதித் தேர்வு முடிந்துவிடும்.

தண்ணீர்தான் ஊரை விட்டுத் தள்ளிக் குடியிருக்கிறதே! அதனால் ஃபோம் போர்டுக்கு முதல் தேர்வு, பள்ளிக்கூடத்திலிருந்தே நமக்குப் பழகிய வெள்ளைப் பசை. 1959-இல் சந்தைக்கு வந்த ஃபெவிகாலின் பெயரையே நாம் இதற்குப் பொதுப்பெயராக்கிவிட்டோம். உள்ளே இருப்பது பாலிவினைல் அசிட்டேட். 1912-இல் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் கிளாட்டே கண்டறிந்தது. அது தண்ணீரில் கரைந்திருப்பதில்லை. பாலில் கொழுப்புபோல நுண்துளிகளாக மிதக்கிறது. பால் வெள்ளையாக இருப்பதும் பசை வெள்ளையாக இருப்பதும் ஒரே காரணத்தால்தான். துளிகள் ஒளியைச் சிதறடிக்கின்றன. தண்ணீர் போகப்போகத் துளிகள் நெருங்கி, ஒன்றையொன்று நசுக்கி, ஒரே படலமாக இணைகின்றன. சிதறடிக்கத் துளிகள் இல்லாததால் பசை கண்ணாடிபோல் தெளிகிறது. விளிம்பில் வழிந்த பசை இன்னும் வெள்ளையாக இருந்தால் ஒட்டு இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம். இதைவிட நல்ல கடிகாரம் வேறு வேண்டாம்.

சிக்கல், அந்தத் தண்ணீர் வெளியே போகும் வழியில் இருக்கிறது. மரத்தில் ஒட்டும்போது மரமே குடித்துவிடும். ஃபோம் போர்டில் நுரை ஒரு சொட்டும் குடிக்காது. மேலே உள்ள தாள் குடிக்கும். ஆனால் பல அட்டைகளில் அந்தத் தாள் வழவழப்புக்காகப் பூச்சு பெற்றது, மெதுவாகத்தான் குடிக்கும். இந்த நிலையில் பசையைக் கோடாகப் பிதுக்கி வைத்தால் என்னாகும்? ஓரங்கள் முதலில் காய்ந்து தோல் கட்டிக்கொள்ளும். உள்ளே தண்ணீர் சிறைப்பட்டுக் கிடக்கும். மறுநாள் காலை தொட்டால் சுவர் ஆடும். ‘பசை சரியில்லை’ என்று இன்னும் கொஞ்சம் பிதுக்குவோம். நிலைமை இன்னும் மோசமாகும். மார்கழிக் குளிரிலும் ஐப்பசி மழையிலும் கேட்கவே வேண்டாம்.

வழி எளிது: குறைவாகத் தடவுங்கள். அட்டைத் துண்டு ஒன்றால் பசையை மெல்லிய படலமாக இழுத்துவிட்டு, ஒரு நிமிடம் காற்றாட விட்டு, கொஞ்சம் இழுபடும் பதம் வந்ததும் சேர்த்து அமுக்க வேண்டும். குண்டூசியைச் சாய்வாகக் குத்தி, வெளியே மாஸ்கிங் டேப் போட்டு நிறுத்திவிட்டால் அரை மணி நேரத்தில் கைவைக்கலாம். முழு வலு வர ஒரு நாள் விட வேண்டும். குண்டூசி, ஃபோம் போர்டுக்கென்றே கடவுள் படைத்த கிளாம்ப். தச்சர்களுக்கு இந்த வசதி கிடையாது.

இன்னொரு தொல்லை வளைவு. பெரிய தளம் ஒன்றின் மேல் புல்வெளிக்கான பச்சைத்தாளை வெள்ளைப் பசையால் ஒட்டிவிட்டுப் படுத்தால், காலையில் தளம் தோசைக்கல்லின் குழிபோல் வளைந்திருக்கும். ஈரத்தில் தாளின் இழைகள் ஊதி, தாள் அகலமாகிறது. அகலமான நிலையிலேயே ஒட்டப்படுகிறது. காயும்போது பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கிறது. அட்டையையும் சேர்த்து இழுக்கிறது. எதிர்ப்பக்கத் தாள் ஈரமே காணாததால் அது சும்மா இருக்கிறது. சாண்ட்விச்சின் சமநிலை குலைகிறது. பின்பக்கத்திலும் அதே மாதிரி ஒரு தாளை அதே பசையால் ஒட்டிவிட்டால் இரண்டும் இழுபறியில் நின்றுவிடும். தச்சர்கள் கதவின் பின்பக்கத்துக்கும் பேலன்சிங் லேமினேட் ஒட்டுவது இதற்காகத்தான். அந்த வேலைக்கெல்லாம் நேரமில்லை என்றால் பெரிய பரப்புகளுக்குத் தண்ணீரே இல்லாத டபுள் சைடு டேப் போதும். அது ஒருபோதும் இறுகாத பசை. ஆகவே எதையும் வெளியே அனுப்புவதும் இல்லை. நிற்கும் சுவரைத் தாங்க மட்டும் அதை நம்பக் கூடாது. பாரம் இருந்தால் மெல்ல மெல்ல வழுக்கும்.

வலு பற்றிச் சொல்லிவிடுகிறேன். நன்றாகக் காய்ந்த வெள்ளைப் பசை ஒட்டைப் பிய்த்துப் பாருங்கள். பசை விடாது, தாள் உரிந்துகொண்டு வரும். அட்டையில் எல்லாவற்றையும்விட நோஞ்சான் அந்தத் தாளும், அது நுரையைப் பிடித்திருக்கும் பிடியும்தான். தாளைவிட வலுவான பசைக்குக் கொடுக்கும் காசு வீண். அதே காசில் மூட்டை வலுவாக்கலாம். சுவரின் முனையை வெறுமனே இன்னொரு சுவரின் மேல் வைத்து ஒட்டினால் பிடிப்பது இரண்டு தாள் விளிம்புகளும் கொஞ்சம் நுரையும்தான். அதற்குப் பதில் ஒரு சுவரின் முனையில் 5 மில்லிமீட்டர் அகலத்துக்கு உள்தாளையும் நுரையையும் வெட்டிச் சுரண்டிவிட்டு, வெளித்தாளை மட்டும் நாக்குபோல் விட வேண்டும். எதிர்ச்சுவரின் விளிம்பு அந்த இடத்தில் போய் உட்காரும். நாக்கு அதன்மேல் மூடும். நுரை வெளியே தெரியாது, மூலை கூர்மையாக வரும், ஒட்டும் பரப்பும் கூடும். கட்டர் அடித்தாளை அறுத்துவிடாமல் நுரையோடு நிற்க வேண்டும். நான்கைந்து துண்டு வீணானபின் கை பழகிவிடும்.

அவசரக்காரர்களின் ஆயுதம் குளூ கன். உள்ளே போகும் குச்சி, இவிஏ என்ற பிளாஸ்டிக்கும் பிசினும் மெழுகும் கலந்தது. கரைப்பான் ஒன்றும் இல்லாததால் வேதியியலாகப் பார்த்தால் நுரைக்கு ஆபத்தில்லை. ஆனால் பாலிஸ்டைரீன் 100 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளகத் தொடங்கிவிடும். பெரிய கன்களின் மூக்கில் 190 டிகிரி வரை இருக்கும். குறைந்த சூட்டுக் கன்களில் 120 சொச்சம். இங்கேதான் உண்மையாகவே ‘உருகியது’ என்ற சொல் பொருந்தும். நுரை ஒரு வெப்பத்தடுப்பான். கொட்டிய சூட்டைக் கடத்தி வெளியேற்ற அதனால் முடியாது. சூடெல்லாம் தொட்ட இடத்திலேயே நின்று அங்கேயே குழி பறிக்கும். ஆகவே குறைந்த சூட்டுக் கன்னை வாங்கி, பசையை நுரையின் விளிம்பில் இடாமல் எதிரே உள்ள தாளின் மேல் இட்டு, இரண்டு மூன்று வினாடி கழித்துச் சேர்க்க வேண்டும். அதிகம் தாமதித்தாலோ ஒட்டாது. ஃபோம் போர்டில் ரேடியோ விமானம் செய்கிறவர்கள் இதைத்தான் விரும்புகிறார்கள். இடைவெளியை நிரப்பும், அரை நிமிடத்தில் நிற்கும், விழுந்து நொறுங்கினால் மைதானத்திலேயே ஒட்டிப் பறக்கவிடலாம். கட்டட மாடலுக்கு எனக்குப் பிடிக்காது. சுவருக்கும் தரைக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் பசைத்தடிப்பு நின்றால், ஐம்பதில் ஒரு பங்கு அளவில் அது ஐந்து சென்டிமீட்டர். சிலந்தி நூல்போல் இழைகள் வேறு. வெயிலில் நிறுத்திய காருக்குள் 60 டிகிரி சூடு சாதாரணம். இவிஏ அந்தச் சூட்டிலேயே தளரத் தொடங்கிவிடும்.

சூப்பர் குளூவின் பிறப்பு ஒரு தோல்வி. 1942-இல் கோடாக் நிறுவனத்தில் ஹாரி கூவரின் குழு துப்பாக்கிக் குறிபார்ப்பானுக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது கிடைத்த பொருள் தொட்டதையெல்லாம் ஒட்டிக்கொண்டதால் அதை ஓரங்கட்டினார்கள். 1951-இல் மறுபடி கையில் சிக்கியபோதுதான் அந்தக் குறையே குணம் என்று புரிந்தது. 1958-இல் கடைக்கு வந்தது. சயனோஅக்ரிலேட் என்ற அந்தத் திரவம் பரப்பில் உள்ள ஈரத்தைத் தொட்டதும் சங்கிலியாகிறது. எதையும் வெளியே அனுப்பாது என்றாலும் ஃபோம் போர்டுக்கு ஆகாது. இறுகுவதற்கு முன் இருக்கும் திரவமே பாலிஸ்டைரீனைக் கரைக்கும். இறுகுவது முந்துமா, கரைப்பது முந்துமா என்ற பந்தயத்தில் நுரைமேல் பெரும்பாலும் கரைப்பதுதான் ஜெயிக்கும். மூலக்கூறைச் சற்று மாற்றி ஃபோம்-சேஃப் என்று அச்சிட்டு விற்கும் வகை உண்டு, விலை கூடுதல். பருத்தித் துணிமேல் சூப்பர் குளூவைச் சிந்திவிடாதீர்கள். வினை ஒரேயடியாக நடந்து தோலைச் சுடும் அளவுக்குச் சூடேறும்.

எபாக்ஸி நுரையைத் தொந்தரவு செய்யாது. கம்பி, மரக்கட்டை போன்றவற்றை அட்டையில் பதிக்க நல்லது. மற்றபடி அட்டைக்கு அது யானைக்குப் போடும் சங்கிலி. ஸ்ப்ரே பசையில் வகைக்கு வகை கரைப்பான் மாறும். தாளின்மேல் மென்மையாக அடித்தால் தப்பித்துவிடும், நுரை தெரியும் விளிம்பில் பட்டால் போச்சு. ஸ்ப்ரே பெயின்ட்டுக்கும் இதே எச்சரிக்கை. எதை வாங்கினாலும் வீணான துண்டின் விளிம்பில் ஒரு சொட்டு வைத்துப் பத்து நிமிடம் பார்த்துவிடுவதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

கடையில் இன்னொரு பொறி இருக்கிறது. ‘சன்போர்டு’ என்று கேட்டால் சில கடைகளில் தாள் ஒட்டிய ஃபோம் போர்டைத் தருவார்கள்; சில கடைகளில் பிவிசி நுரைப்பலகையைத் தருவார்கள். வெள்ளை, லேசு, அதே தடிமன். பார்வைக்கு ஒன்றுதான். வேதியியலில் இரண்டும் வேறு சாதி. பிவிசி பலகையில் தாள் கிடையாது, தண்ணீர் போக வழியும் கிடையாது. வெள்ளைப் பசை அதன்மேல் வெறுமனே உலர்ந்து தோலாக உரியும். அதற்கு சூப்பர் குளூ அருமையாகப் பிடிக்கும். பைப் ஒட்டும் சால்வென்ட் சிமென்ட்டும் பிடிக்கும். ஒன்றுக்கு விஷமாக இருப்பது இன்னொன்றுக்கு மருந்து. மூலையை நகத்தால் சுரண்டுங்கள். தாள் உரிந்தால் ஃபோம் போர்டு, உரியாவிட்டால் பிவிசி. யூடியூபில் ஒருவர் சூப்பர் குளூவால் சரசரவென்று ஒட்டுவதைப் பார்த்து, இன்னொருவர் வீட்டில் அட்டை கரைந்துபோவதற்குக் காரணம் பல நேரம் இந்தப் பெயர்க்குழப்பம்தான்.

அன்றிரவு இதில் பத்தில் ஒரு பங்குகூட அவளிடம் சொல்லவில்லை. “ஃபெவிகால் இருக்கா?” என்றேன். இருந்தது. “குண்டூசி?” பக்கத்து அறைத் தோழியிடம் இருந்தது. அந்த மஞ்சள் பசையின் மூடியைத் திருகி வராந்தாவில் வைத்துவிட்டு, ஜன்னலைத் திறக்கச் சொன்னேன். மூடிய அறையில் டொலுயீன் ஆவியை முகர்ந்துகொண்டிருந்தால் நுரைக்கு மட்டுமல்ல, தலைக்கும் நல்லதல்ல. கரைந்த சுவரை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக இரண்டு சுவர் அறுத்தாள். மெல்லத் தடவினாள். ஊசி குத்தினாள். மூன்று மணிக்கு முற்றத்தின் நான்கு பக்கமும் நின்றுவிட்டது என்று செய்தி வந்தது. தோட்டத்து மரங்களை மட்டும், நேரமில்லாததால், குளூ கன்னால் ஒட்டியிருந்தாள்.

காலை ஒன்பதரைக்கு ஆட்டோவிலிருந்து ஒரு படம் அனுப்பினாள். மே மாத வெயில். மடியில் மாடல். வீடு நிமிர்ந்து நின்றது. கொல்லைப்புறத்தில் இரண்டு தென்னைமரம் சாய்ந்து கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

“இது உருகினதுதானே மாமா?” என்று கீழே எழுதியிருந்தாள்.